பாட்டு இல்லாமல் அந்தக் காதல் இருந்திருக்குமா?

வைகைக்கரையான்:

ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை எழுதுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு முதல் காதல் என்று ஒன்று வந்ததே, அதை உண்டாக்கியது பாட்டு. பெண் பிறகுதான் வந்தாள்.

1991 ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. எனக்குப் பதினைந்து வயது. சின்னத் தம்பி அந்த ஏப்ரலில்தான் வெளிவந்தது. டீக்கடை, சலூன், டவுன் பஸ், மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், எங்கே போனாலும் இளையராஜாதான். காலையில் எழுந்து பல் விளக்கும்போதே யாரோ யாருக்காகவோ ஏங்கிப் பாடிக்கொண்டிருப்பார்கள். எதிர்வீட்டு ஆச்சியின் பேத்தி லீவுக்கு வந்து இறங்கியது மே முதல் வாரம். அதற்கு ஒரு மாதம் முன்பே நான் ஏங்கத் தொடங்கியிருந்தேன். யாருக்காக என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஏக்கம் தயாராக இருந்தது, அவள் வந்து அதில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

இதை நான் எப்படிக் கண்டுகொண்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மறுநாள் எங்கள் ஊரில் பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, கோயிலில் மைக் செட்டைக் கழற்றிவிட்டார்கள். அன்று ஊருக்குக் கிளம்ப வேண்டியவள் கிளம்பவில்லை. எதிரெதிர்த் திண்ணையில் இருந்தோம். அவள் கால் நீட்டி உட்கார்ந்து, சின்னக் கல்லால் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த புளியை எடுத்தாள். எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. யாரோ ஒரு பெண் புளி தட்டுகிறாள் என்றுதான் தோன்றியது. பயந்தே போய்விட்டேன். சில நாள் கழித்து ஸ்பீக்கர் திரும்பப் பாட ஆரம்பித்ததும் எல்லாம் பழையபடி வந்துவிட்டது.

அவள் ஊருக்குப் போகும்போது ஒரு கேசட் பதிந்து, அவளுடைய சித்தி மகளிடம் கொடுத்தனுப்பினேன். அதோடு சரி. இன்று அவள் முகத்தை நினைத்தால் கலங்கலாகத் தெரிகிறது. அந்தப் பாட்டுகளின் ஒவ்வொரு வயலினும் துல்லியமாகக் கேட்கிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

தமிழ்வாத்தியார்:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். முடிவு மட்டும் தப்பு.

//முகத்தை நினைத்தால் கலங்கலாகத் தெரிகிறது// இது காதலைப் பற்றிய அத்தாட்சி ஆகாது, நினைவைப் பற்றியது. 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவில் நிற்கின்றன என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள். அந்த வயதில் கேட்ட பாட்டுக்கும் அது பொருந்தும். அவள் முகத்தை ஒரு மாதம் பார்த்தீர்கள். பாட்டை முப்பது வருஷமாகக் கேட்கிறீர்கள். எது தெளிவாக இருக்கும்?

காதலுக்குக் காரணம் வேண்டுமென்றால் கோடையைப் பாருங்கள். முப்பது வருஷம் மேல்நிலைப் பள்ளியில் இருந்தவன் சொல்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் முகம் மாறி வரும். பள்ளி நடக்கிற பத்து மாதம் அவர்களுக்கு மணியடித்தால் ஒரு வேலை. லீவில் யாரும் மணியடிப்பதில்லை. ஆச்சி வீட்டுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்கிறார்கள், திருவிழா வருகிறது, வெள்ளரிப்பிஞ்சு வாங்கப் போகிற சாக்கில் தெருவைச் சுற்றுகிறார்கள். கோடைக் காதலில் பிரிவு முதல் நாளே எழுதியாயிற்று, ஏனென்றால் பள்ளி திறக்கிற தேதி எல்லாருக்கும் தெரியும். தொல்காப்பியம் வேனிலையும் நண்பகலையும் பாலைத் திணைக்குக் கொடுத்து, பிரிவை அதன் உரிப்பொருளாக, அதாவது அந்தத் திணைக்குரிய உணர்வாக, வைத்தது. குழாய் ஸ்பீக்கர் வருவதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த வெயிலுக்கும் இந்தப் பிரிவுக்கும் முடிச்சுப் போட்டாயிற்று.

மைக் செட் நின்ற நாளில் உங்களுக்கு ஒன்றும் தோன்றாமல் போனதற்குக் காரணம், ஊரே துக்கத்திலும் பயத்திலும் இருந்தது. அன்றைக்கு யாருக்குத்தான் எது அசைந்திருக்கும்?

வைகைக்கரையான்:

ஐயா, அதே திணையில் யாழும் பறையும் இருக்கிறதே. பாலைக்கென்று தனி யாழ் சொல்லவில்லையா? இசை இல்லாமல் ஒரு திணையைக்கூட நம் முன்னோர்கள் யோசிக்கவில்லை.

தமிழ்வாத்தியார்:

யாழ் கருப்பொருளில் வருகிறது. அந்த நிலத்தின் மரம், பறவை, உணவு இருக்கிற வரிசையில் அதற்கும் இடம். உரிப்பொருள் வேறு, அது மனிதர்களுடையது. நீங்கள் கருப்பொருளைத் தூக்கி உரிப்பொருள் ஆக்குகிறீர்கள். என் மறுப்பு அது ஒன்றுதான்.

ரெக்கார்டிங்_அண்ணாச்சி:

விருதுநகர்ப் பக்கம் 1984லிருந்து 1999 வரை ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் நான். இந்தப் பேச்சில் எனக்கும் பாத்தியதை உண்டு.

கடையில் இரண்டு டபுள் டெக், ஒரு ரெக்கார்ட் பிளேயர். எக்கோ கம்பெனி இசைத்தட்டு புதிதாக வந்தால் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவேன். பையன்கள் நோட்டுத்தாளில் லிஸ்ட் எழுதி எடுத்து வருவார்கள். வீட்டுக்குப் பதிகிற லிஸ்டா, வேறு ஆளுக்கா என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். வீட்டு லிஸ்டில் அப்பாவுக்கு ஒரு டி.எம்.எஸ்., அம்மாவுக்கு ஒரு முருகன் பாட்டு இருக்கும். மற்ற லிஸ்டில் முதல் பாட்டை நாலு தடவை அடித்து எழுதியிருப்பான். தாளே கிழிந்திருக்கும். அவன்தான் வாங்கும்போது மறக்காமல் சொல்வான், "அண்ணே, பின்னாடி மூலையில இருக்கிற ரெண்டு துண்டையும் உடைச்சிருங்க" என்று. அந்தப் பிளாஸ்டிக்கை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் தெரியாமல் வேறு பதிய முடியாது.

60 கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பாட்டு நாலரை நிமிஷம் என்று வைத்தால் ஆறு முழுதாகப் போகும், ஏழாவது பாதியில் அறுபடும். நான் ஆறோடு நிறுத்தி, மிச்ச இடத்தில் ஏதாவது புல்லாங்குழல் பிட்டு போட்டுத் தரேன் என்பேன். கேட்க மாட்டார்கள். "அறுந்தாலும் பரவாயில்லண்ணே, ஏழையும் போடுங்க."

அந்த லிஸ்ட்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் நாற்பது பாட்டுதான் இருக்கும். ஊர்ப்பட்ட பையன்களும் அதே நாற்பதைத்தான் கேட்டார்கள். ஆனால் ஒருவன் வரிசை மாதிரி இன்னொருவன் வரிசை இருந்ததே இல்லை. வைகைக்கரை தம்பி, பாட்டு காதலை உண்டாக்கியிருந்தால் எல்லாருக்கும் ஒரே வரிசை வந்திருக்க வேண்டும். பாட்டு ஊருக்குப் பொது. வரிசை அவனுடையது, அதைத் தாளில் எழுதிக் கொடுக்கும்போது அவன் கை நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தொழில் சட்டப்படி தப்பு என்பதும் எனக்குத் தெரியும். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் என் கடையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. அந்த வருத்தம் இப்போதும் உண்டு.

தென்னங்கீற்று:

இதுவரை எழுதிய மூன்று பேரும் ஆண்கள். கேசட் கொடுத்தது, பதிந்தது, பாடம் நடத்தியது எல்லாம் வந்துவிட்டது. வாங்கியவள் என்ன ஆனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வாங்கியவள்.

1989 மே. எனக்குப் பதினாறு. பிளஸ் ஒன் முடித்திருந்தேன். கேசட் ஒரு அட்லஸ் புத்தகத்துக்குள் வந்தது. எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் ஒன்றுதான், கூடத்தில், அண்ணனுடையது. பெண் பிள்ளை தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற இடம் என்று எந்த வீட்டில் இருந்தது? தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் ஒன்பது நாள் வைத்திருந்தேன். பத்தாம் நாள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அவர்கள் தெரு முனை தாண்டியதும் எழுந்து ஏ பக்கத்தைப் போட்டேன். சத்தத்தை ஒன்றில் வைத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன். துணி வலைக்குப் பின்னால் சூடு தெரிந்தது. மொய்ப் பணத்தை மறந்துவிட்டோம் என்று அண்ணன் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டான்.

அவன் என்னை அடிக்கவில்லை. கேசட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், விரலை விட்டு நாடாவை முழுதாக உருவினான். முற்றம் பூராவும் பழுப்பு நாடா, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. சாயங்காலம் அம்மாதான் கூட்டி அள்ளினாள். ஜூனில் பள்ளி திறந்தபோது என்னை அனுப்பவில்லை. பிளஸ் டூவைப் பல வருஷம் கழித்து, கல்யாணத்துக்குப் பிறகு தனித்தேர்வராக எழுதினேன்.

கொடுத்தவன் அந்த வருஷம் காலேஜில் சேர்ந்தான். அவனைக் குறை சொல்லவில்லை, நல்ல பையன். ஆனால் வைகைக்கரையான் அவர்களே, உங்கள் பதிவைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் ஒரு இடத்தில்தான். //யாரோ ஒரு பெண் புளி தட்டுகிறாள்// அந்தப் பெண்தான் உண்மையான பெண். புறங்கையால் வியர்வை துடைத்தவள்தான் அவள். பாட்டு நின்ற அந்த ஒரு நாள்தான் நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுப் பயந்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பாட்டில் பெண் குரலில் ஏக்கம் இல்லையா என்பீர்கள். ஜானகி அம்மா பாடினார், சித்ரா பாடினார், என் உயிரே அவர்கள் குரலில்தான் இருந்தது. வரி எழுதியது யார்? சினிமாவுக்குப் பாட்டெழுதிய பெண்களை அன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். தாமரை பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்ததே 2001ல் மின்னலே வந்த பிறகு. அதுவரை என் மனதில் என்ன இருக்கிறது என்பதையும் ஆண்களே எழுதி, என் வாயில் வைத்தார்கள்.

வலிகாமத்தான்:

அக்கா, உங்கட பதிவை வாசிச்சுப்போட்டு கனநேரம் ஒண்டும் எழுத ஏலாமல் இருந்தன்.

வைகைக்கரை அண்ணை, நீங்கள் பாட்டு காத்தில சும்மா வந்து விழுந்த இடத்தில இருந்திருக்கிறியள். அதுதான் பாட்டு முதல் எண்டு சொல்லுறியள். எங்களுக்கு யாழ்ப்பாணத்தில சண்டையால 90ஆம் ஆண்டில இருந்து கரண்ட் இல்லை. பற்றரியும் தடை. மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்கச் சின்ன ஜாம் போத்தலில திரி போட்டு விளக்குக் கொளுத்தினம். பாட்டுக் கேக்கிறதெண்டால் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பின் சில்லை ஒராள் கையால சுத்தவேணும். டைனமோவில வாற கரண்டில றேடியோ பாடும், கசெற்றும் பாடும். சுத்திற வேகம் குறைஞ்சால் பாட்டுக்காரரின்ர குரல் இழுபட்டு, கிழவன்ர குரல் மாதிரிப் போயிடும்.

93 ஓகஸ்ட் லீவு. மாமி வீட்டு விறாந்தை. நான் சுத்திறன், அவவும் அவவின்ர தங்கச்சிமாரும் இருந்து கேக்கினம். ஒரு பாட்டு முடிய அடுத்த பாட்டு, நான் நிப்பாட்டேல்லை. மூண்டாவது பாட்டு நடுவில அவ எழும்பி வந்து சில்லில கையை வைச்சா. "காணும், கை நோகும்" எண்டா. பாட்டு இழுபட்டு நிண்டுது. என்ர வாழ்க்கையில ஒரு பொம்பிளைப் பிள்ளை எனக்காகச் சொன்ன முதல் சொல்லு அதுதான். அது பாட்டு நிண்ட நேரத்திலதான் வந்தது.

95 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணச் சனமே ஊரை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வோட நாங்கள் ஒரு பக்கம், அவையள் ஒரு பக்கம். அந்த மூண்டாவது பாட்டு எது எண்டு எனக்கு இப்ப ஞாபகம் இல்லை. அவவின்ர கை ஞாபகம் இருக்கு, பெருவிரல் நகத்தில மருதோண்டி பாதி அழிஞ்சு இருந்தது. வாத்தியார் ஐயா நினைவைப் பற்றிச் சொன்னதுக்கும் இது மாறாத்தான் இருக்கு.

புதுநெல்:

நான் உங்கள் எல்லாருக்கும் சின்னவன். என் கோடை 2010. நாடாவை உருவியது, சில்லைச் சுற்றியது எல்லாம் படிக்கும்போது மனசு கனக்கிறது, ஆனால் கஷ்டப்பட்டுக் கேட்டால்தான் காதல் என்கிற மாதிரி இந்தப் பேச்சு போகக் கூடாது.

விண்ணைத்தாண்டி வருவாயா அந்த பிப்ரவரியில் வந்தது. தென்னங்கீற்று அக்கா, அதில் வந்த தமிழ்ப் பாட்டு வரிகள் தாமரை எழுதியவை. ஒரு பையனின் ஏக்கத்தை ஒரு பெண் எழுதி, நாங்கள் அதைப் பாடிக்கொண்டு திரிந்தோம். நீங்கள் சொன்ன கணக்கு எங்கள் வயதுக்கு வரும்போது கொஞ்சமாவது திரும்பியிருக்கிறது.

செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்வோம். எனக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பக் காசு இருக்காது. புளூடூத்துக்குக் காசு வேண்டாம், ஆனால் பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். அவள் வீட்டு மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் ஒரு சந்து. ராத்திரி எட்டு மணிக்குத் துணி எடுக்க வருவாள். நான் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்று அனுப்புவேன். திரையில் சதவிகிதம் ஏறும். அறுபது, எழுபது. அவள் ஒவ்வொரு துணியாக, மெதுவாக மடிப்பாள். நூறு ஆவதற்குள் உள்ளே போய்விட்டால் அறுந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். அந்த மெதுவாக மடித்தல் எந்தப் பாட்டில் இருந்தது? அதை அவளேதான் செய்தாள். அதனால் வைகைக்கரையான் சொல்வதை நான் ஏற்கவில்லை.

வைகைக்கரையான்:

நாலு பக்கமும் அடி விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன்.

அண்ணாச்சி சொன்ன வரிசைக்கு என்னிடம் பதில் இல்லை. என் வரிசை இன்னும் நினைவிருக்கிறது, அது என்னுடையதுதான்.

ஆனாலும் என் பேச்சை முழுதாக விட மாட்டேன். வலிகாமத்தானுக்கும் புதுநெல்லுக்கும் எதிரில் ஒரு பெண் இருந்தாள். சில்லில் கை வைத்தாள், துணியை மெதுவாக மடித்தாள், பதில் சொன்னாள். எனக்கு அப்படி ஒரு கணம்கூட நடக்கவில்லை. நானும் அவளும் மொத்தம் பேசியது "ஆச்சி இருக்காங்களா", "குளிக்கிறாங்க". என்னைப் போன்ற பையன்கள்தான் அந்தக் காலத்தில் ஏராளம். எங்களுக்குப் பாட்டைத் தவிர வேறென்ன இருந்தது? பெண் பிள்ளையிடம் நின்று நாலு வார்த்தை பேச எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்த வெற்றிடத்தை நிரப்பியது பாட்டுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, எனக்கு அது சோறு போட்ட மாதிரி.

தென்னங்கீற்று அவர்களே, புளி தட்டிய பெண்ணைப் பார்த்துவிட்டு நான் பயந்துவிட்டேன் என்றீர்கள். உண்மை. உங்கள் பதிவைப் படித்த பிறகு ராத்திரி தூங்கவில்லை. அவள் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்ததா என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. யார் கையில் போய்ச் சேர்ந்தது, அவளுக்கு என்ன நடந்தது, ஒன்றும் தெரியாது. கொடுத்ததோடு என் கதை முடிந்ததாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்வாத்தியார்:

தம்பி, பேசக் கற்றுக்கொடுக்கவில்லை என்றீர்களே, அந்தக் குற்றச்சாட்டு எங்கள் மேல் வருகிறது. வரவேண்டியதுதான். வகுப்பில் பையன்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் உட்கார வைத்து, குறுந்தொகை நடத்தியிருக்கிறேன். தலைவன் கூற்று, தலைவி கூற்று என்று பிரித்து மதிப்பெண் போட்டேன். ஒரு தலைவிக்கு அவள் கூற்றை வீட்டில் சொல்ல முடியுமா என்று நினைத்ததில்லை. தென்னங்கீற்று அம்மாவைப் போல ஜூனில் வராமல் போன பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது என் கைதான்.

காதலுக்குக் காரணம் பாட்டு இல்லை என்பதில் மட்டும் மாற மாட்டேன்.

தென்னங்கீற்று:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டேன். வைகைக்கரையான் எழுதியதையும். தூங்காமல் இருக்க வேண்டாம். கேட்டதே போதும்.

நான் பாட்டுக்கு எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்பு நின்ற அந்த வருஷம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே விவித் பாரதி கேட்டுத்தான் உயிரோடு இருந்தேன். மிதிக்கிற சத்தத்தில் பாட்டு பாதிதான் கேட்கும்.

ரெக்கார்டிங்_அண்ணாச்சி:

தங்கச்சி, தப்பாக நினைக்காவிட்டால் ஒன்று கேட்கலாமா? தொழில் பழக்கம், மனசு கேட்கவில்லை. அது 60ஆ, 90ஆ? அண்ணன் வந்தபோது எத்தனையாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது? இந்த லிஸ்ட் போடுகிற பையன்களின் போக்கு எனக்குத் தெரியும். ஏ பக்கம் இருந்தால் பி பக்கத்தில் என்ன வைத்திருப்பான் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். நீங்கள் பெயர்களைச் சொன்னால் போதும்.

தென்னங்கீற்று:

60தான் அண்ணாச்சி. அட்டையில் பச்சை மையில் நம்பர் மட்டும் போட்டிருந்தான், பாட்டுப் பெயர் எழுதவில்லை. ஆறு பாட்டு முழுதாகக் கேட்டேன். ஏழாவது ஓடும்போதுதான் கதவு திறந்தது.

அந்த ஏழாவது பாட்டு எது என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.